டிரெய்லரில் இருந்த காதல் படத்தில் இல்லை: ஒரு புகார்க் கடிதம்

அனுப்புநர்:
ஒரு பார்வையாளர்,
மாதுங்கா, மும்பை.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
திரைப்படத் தயாரிப்பு நிறுவனம்,
அந்தேரி, மும்பை.

பொருள்: காதல் படம் என விளம்பரம் செய்யப்பட்ட தங்கள் இந்திப் படத்தில் டிரெய்லரில் காட்டிய காட்சியும், காதலும் இடம்பெறாமை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு நானும் என் மனைவியும் தங்கள் நிறுவனம் தயாரித்த புதிய இந்திப் படத்துக்குச் சென்றிருந்தோம். அன்று எங்கள் 31ஆவது திருமண நாள். டிக்கெட் தலா 420 ரூபாய். இணையத்தில் பதிவு செய்ததற்கான கட்டணம் தனி. பாப்கார்ன் விலைக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்பதால் அதை இங்கே எழுதவில்லை. படத்தின் தமிழ் மொழிமாற்றப் பதிப்புக்கான சுவரொட்டி சயான் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒட்டப்பட்டிருக்கிறது. தமிழில் படத்தை விற்கும் நிறுவனம் தமிழில் வரும் புகாரையும் படிக்கும் என்ற நம்பிக்கையில் என் தாய்மொழியிலேயே எழுதுகிறேன்.

எங்களைத் திரையரங்குக்கு வரவழைத்தது டிரெய்லரின் நடுவே வரும் பதினொரு நொடிக் காட்சி. ஓர் இரானிக் கடை, அதாவது மும்பையின் பழைய பாணித் தேநீர்க் கடை. வெடிப்பு விட்ட பளிங்கு மேசை. எதிரெதிரே கதாநாயகனும் கதாநாயகியும். நாயகி தன் தட்டிலிருக்கும் பன் மஸ்காவை, அதாவது வெண்ணெய் தடவிய பன்னைப் பிரித்து, வெண்ணெய் அதிகம் ஒட்டியிருக்கும் பாதியை ஒன்றும் பேசாமல் அவன் பக்கம் தள்ளுகிறார். அவன் அதைத் தேநீரில் தோய்க்க, ஊறிய துண்டு உடைந்து கோப்பைக்குள் விழுகிறது. அவர் சிரிக்கவில்லை; தன் கரண்டியை மட்டும் எடுத்து அவனிடம் நீட்டுகிறார். என் மனைவி கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கி அந்த இடத்தை மட்டும் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் படத்துக்குப் போகலாம்" என்றார். அவர் மராட்டியர், நான் தமிழன். திருமணத்துக்கு முன் நாங்கள் சந்தித்துப் பேசிய இடமும் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து இரானிக் கடை ஒன்றுதான் என்பதால், அவர் எதைப் பார்க்க ஆசைப்பட்டார் என்று நான் கேட்கவில்லை.

படம் இரண்டு மணி இருபத்தெட்டு நிமிடம் ஓடியது. இடைவேளைக்குள் அந்தக் காட்சி வரவில்லை. இரண்டாம் பாதியில், நாயகன் மும்பைக்குத் திரும்பும்போது வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதாவது ஒரு மூலையில் காட்டுவார்கள் என்று, துப்புரவுப் பணியாளர்கள் துடைப்பத்தோடு வந்து நிற்கும் வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தோம். இரானிக் கடை படத்தில் எங்குமே இல்லை. லண்டனின் கண்ணாடிச் சுவர் வைத்த காபிக் கடைகள் மூன்று இருக்கின்றன. மூன்றிலும் பானத்தின் மேல் ஊற்றிய நுரையைப் படம்பிடித்த அக்கறை, அதைக் குடிப்பவர்களின் மேல் இல்லை.

சட்டம் தெரியாமல் இதை எழுதவில்லை. 2016இல் வெளியான 'ஃபேன்' படத்தின் விளம்பரத்தில் வந்த பாடல் படத்தில் இல்லை என்று ஒரு பார்வையாளர் வழக்குத் தொடுத்ததும், நுகர்வோர் ஆணையங்கள் அவருக்கு 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் வழக்குச் செலவும் வழங்கச் சொன்னதும், 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்ததும் எனக்குத் தெரியும். முன்னோட்டம் என்பது வாக்குறுதி ஆகாது, அதில் உள்ளதெல்லாம் படத்தில் இருந்தே தீர வேண்டும் என்று பார்வையாளர் உரிமை கோர முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஆகவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை நான் அழைக்கப் போவதில்லை. ஆனால் அந்த வழக்கில், பாடல் விளம்பரத்துக்கு மட்டுமே என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டோம் என்று சொல்லத் தயாரிப்புத் தரப்புக்கு வாய் இருந்தது. தங்கள் தரப்பில் அப்படி ஓர் அறிவிப்பை நான் எங்கும் காணவில்லை. நீதிமன்றத்தில் நிற்காத புகார் என்பதால் இது புகாரே இல்லை என்று ஆகிவிடாது.

ஒரு காட்சியை வெட்டியது மட்டும்தான் குறை என்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன். தொகுப்பாளருக்கு ஆயிரம் காரணங்கள் இருக்கும். அந்தப் பதினொரு நொடியை எடுத்துவிட்ட பிறகு, அந்த இருவரும் காதலிக்கிறார்கள் என்பதற்குப் படத்தில் வேறு அத்தாட்சியே மிஞ்சவில்லை என்பதுதான் என் முதன்மையான புகார். அவர்கள் விமான நிலையத்தில் சந்திக்கிறார்கள், பெட்டி மாறிவிடுகிறது, அடுத்த ஏழாவது நிமிடத்தில் மூன்று நகரங்களில் எடுத்த பாடல் ஒன்று வருகிறது, பாடல் முடியும்போது அவர்கள் காதலர்கள். நடுவில் என்ன நடந்தது? நாயகி கட்டடக் கலைஞர் என்று இரண்டு முறை வசனத்தில் சொல்லப்படுகிறது. படம் முழுக்க அவர் கையில் ஒரு பென்சிலைக் கூட நான் பார்க்கவில்லை. அவர் எந்தக் கட்டடத்தைக் கட்டினார் என்று நாயகன் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். அவனுடைய தந்தை இறந்துவிட்டார் என்பது நமக்குத் தெரிகிறது, நாயகிக்குத் தெரியுமா என்பது கடைசிவரை புரியவில்லை. ஒருவரைப் பற்றி ஒருவர் எதையும் தெரிந்துகொள்ளாத இருவர் அழகாக உடுத்திக்கொண்டு பாலங்களின் மேல் நடப்பதை நான் சுற்றுலா விளம்பரம் என்றே எடுத்துக்கொள்ள முடிகிறது.

பிரிவுக்குச் சொல்லப்பட்ட காரணம் இதைவிட மோசம். நாயகன் தொலைபேசியில் பேசுவதைக் கதவுக்கு வெளியே நின்று பாதி மட்டும் கேட்ட நாயகி, கோபித்துக்கொண்டு ஊரை விட்டே போய்விடுகிறார். அதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் இவர்கள் அனுப்பிக்கொண்ட குறுஞ்செய்திகள் திரையில் பெரிய பெரிய எழுத்தில் மிதந்துகொண்டே இருந்தன. ஒரே ஒரு கேள்வியை அனுப்பியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயத்துக்கு, இருவரும் ஐம்பது நிமிடம் கைப்பேசியைத் தொடவே இல்லை. எங்களுக்குப் பின் வரிசையில் இருந்த கல்லூரி மாணவி ஒருவர் பொறுக்கமாட்டாமல், "அரே, போன் தோ கர்!" (அட, போனையாவது பண்ணு!) என்று உரக்கச் சொன்னார். அரங்கம் அந்த மாலையில் மனம்விட்டுச் சிரித்தது அப்போது மட்டும்தான்.

பழைய படங்களையே மெச்சிக்கொண்டிருக்கும் வயதானவன் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. வெளிநாட்டுப் படப்பிடிப்பும் எனக்கு ஆகாத விஷயமல்ல. 1995இல் வெளியாகி, மும்பை சென்ட்ரல் அருகே மராத்தா மந்திர் திரையரங்கில் 25 ஆண்டுகளுக்கும் மேலாகப் பகல் காட்சியாக ஓடிய 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' படத்தின் நாயகனும் நாயகியும் ஐரோப்பாவில்தான் ரயிலைத் தவறவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பயணத்தில் அவர்கள் சண்டை போட்டுச் சண்டை போட்டு ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள். பிறகு அவன் பஞ்சாபுக்கு வந்து, அவளைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போக மறுத்து, அவள் தந்தையோடு அதிகாலையில் புறாக்களுக்கு இரை போட்டுக்கொண்டு காத்திருக்கிறான். அங்கே தடையாக நிற்பது ஒரு மனிதர். பாதி கேட்ட தொலைபேசிப் பேச்சு அல்ல. 2013இல் வந்த 'தி லஞ்ச்பாக்ஸ்' படத்தில் டப்பாவாலா (வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டுசேர்ப்பவர்) ஆள் மாற்றிக் கொடுத்த சாப்பாட்டின் வழியே கடிதம் எழுதிக்கொள்ளும் இருவர், கடைசிவரை நேருக்கு நேர் பேசுவதே இல்லை. சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று அந்த ஆண் தன் முதல் பதிலில் எழுதி அனுப்பும் புகாரிலிருந்துதான் அந்த உறவு தொடங்குகிறது. ஆக, புகார்க் கடிதங்களைத் தாங்கள் சற்று மரியாதையோடு நடத்துவது நல்லது.

எங்கள் இருவருக்கும் மிக நெருக்கமான படம் 1981இல் கே. பாலசந்தர் இந்தியில் எடுத்த 'ஏக் தூஜே கே லியே'. கோவாவில் அடுத்தடுத்த வீட்டில் வசிக்கும் தமிழ்ப் பையனுக்கும் இந்தி பேசும் பெண்ணுக்கும் நடுவில் மொழியே சுவராக நிற்கிறது. இந்தி தெரியாத கமல்ஹாசன், மின்தூக்கிக்குள் இந்திப் படத் தலைப்புகளையே கோத்துப் பாட்டாகப் பாடுவார். அவனுக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். அதை முழுவதும் அவளுக்குக் கொடுத்துவிடுகிறான். எனக்கு மராட்டி வராத காலத்தில் தாதர் பக்கத்துக் கடைப் பலகைகளைப் படித்துக் காட்டியே என் மனைவியைச் சிரிக்க வைத்தவன் நான் என்பதால் அந்தக் காட்சி எனக்குப் புரிந்தது. தங்கள் படத்தில் இரண்டு பேரும் ஒரே மொழியில், ஒரே பள்ளியில் படித்தவர்கள்போல, ஒரே தொனியில் பேசுகிறார்கள். ஒருவர் மற்றவருக்காகச் சிரமப்பட்டுச் செய்வதாக எதுவும் இல்லை. படத்தில் அவன் அவருக்கு வாங்கித் தரும் மோதிரத்தின் கடைப்பெயர் மட்டும் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

பழைய பாடல் ஒன்றைத் தாளம் ஏற்றி மறுபடி போட்டதைப் பற்றியும், நாயகனின் அம்மா சமையலறையைத் தாண்டி வராததைப் பற்றியும் விரித்து எழுத விரும்பவில்லை. ஒளிப்பதிவு நன்றாக இருந்தது. நாயகியாக நடித்தவர் தேர்ந்தவர் என்பது, எழுதிக் கொடுக்கப்படாத இடங்களில் அவர் கண்கள் செய்த வேலையிலிருந்தே தெரிந்தது. அவரை வைத்துக்கொண்டு இப்படி ஒரு படம் எடுத்திருப்பது எனக்குக் கூடுதல் வருத்தம்.

டிக்கெட் பணத்தை நான் திரும்பக் கேட்கவில்லை. என் கோரிக்கைகள் இவை மட்டுமே. இப்படம் ஓடிடி தளத்துக்கு வரும்போது இரானிக் கடைக் காட்சியை அதற்குரிய இடத்தில் முழுமையாகச் சேர்க்க வேண்டும். அது இயலாது என்றால், அதைத் தனியாகவாவது வெளியிட வேண்டும். அதுவரை, அந்தக் காட்சி அடங்கிய டிரெய்லரை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். நேற்று மாலை வரை அது யூடியூபில் வேறு காணொளிகளுக்கு முன்னால் வந்துகொண்டுதான் இருந்தது. அந்தக் காட்சியை நீக்கச் சொன்னவர் யார், எதற்காக நீக்கினார் என்பதை இரண்டு வரியிலாவது எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று இயந்திரம் அனுப்பும் பதில் எனக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. அதை இன்னொரு முறை அனுப்பத் தேவையில்லை.

பதில் வரும் கடிதத்தில் என் மனைவிக்கும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும். அந்தக் கரண்டியை அவன் வாங்கிக்கொண்டானா என்று அவர்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்; டிரெய்லர் அதற்குள் வெட்டிப் போய்விடுகிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு பார்வையாளர்.

இணைப்பு: டிக்கெட் நகல்கள் 2, டிரெய்லரில் அந்தக் காட்சி வரும் இடத்தின் படம் 1.