தாதரில் இறங்கியதும் திரும்பிய பழக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

கோயில் கொடைக்காக ஊரில் இருந்த மூன்று வாரமும் நீ தம்பாக்கை, அந்த வாயில் அதக்கும் புகையிலையை, தொடவே இல்லை என்று அம்மா தொலைபேசியில் சொன்னபோது, அவள் குரலில் இருந்த பூரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். நாகர்கோவில் ரயிலில் மும்பை தாதர் வந்து இறங்கிய மறுநாள், தாராவியில் உன் பட்டறை வாசலில், கட்டிங் சாய் குடித்த கையோடு அந்த இருபக்க டப்பியை எடுத்தாய். இடது உள்ளங்கையில் இலையையும் சுண்ணாம்பையும் பெருவிரலால் கசக்கி, இரண்டு விரல்களால் தட்டித் தூசியை ஊதிவிட்டு, கீழுதட்டுக்குள் அதக்கிக்கொண்டாய். அவ்வளவு நேரமும் தோல் பையின் ஜிப் விலை ஏறியதைப் பற்றித்தான் என்னிடம் பேசிக்கொண்டிருந்தாய். உன் கை செய்ததை நீ கவனிக்கவே இல்லை. இரவில், "எனக்கு மனவுறுதி இல்லை அக்கா" என்றாய். அந்தச் சொல்லை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரையேட்டம் என்றொரு பகுதி உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஆன் கிரேபியலின் குழுவினர், பாதையில் ஓடி இனிப்பைத் தேடும் எலிகளின் அந்தப் பகுதியைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். புதிதாகக் கற்கும்போது ஓட்டம் முழுவதும் துடித்த நரம்பணுக்கள், பழகிய பிறகு தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே உரக்கத் துடித்தன. நடுவில் உள்ள அத்தனை அசைவும் ஒரே கட்டாகிவிட்டது. உன் கசக்கலும் தட்டலும் அப்படிப்பட்ட கட்டுதான். பரிசான இனிப்பை நிறுத்தியதும் அந்தத் துடிப்பு மங்கியது. பரிசு மீண்டும் வந்ததும் பழைய வடிவிலேயே விரைவாகத் திரும்பியது. மங்கியதே தவிர, அழியவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும்.

வேட்கை எழும் நேரத்தையும் பார். நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துச் செய்த ஆய்வுகளில், தொடக்கத்தில் சாறு கிடைத்தபோது எழுந்த டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருளின் துடிப்பு, பழகப் பழக, சாற்றை முன்னறிவிக்கும் அடையாளத்துக்கு நகர்ந்துவிட்டது. எதிர்பார்த்த நேரத்தில் சாறு வராவிட்டால் அந்தத் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. காலி சாய் கிளாஸை வைக்கும்போது உனக்குள் ஏற்படும் தவிப்புக்கு இதுவே நெருங்கிய விளக்கம் என்று நான் நினைக்கிறேன்.

புகையிலையில் உள்ள நிக்கோட்டினை விட்டவர்களுக்கு உடல் படும் பாடு முதல் சில நாட்களில்தான் கடுமை. இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். ஊரில் அந்தக் கட்டத்தை நீ தாண்டிவிட்டாய். 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் ஆராய்ந்தபோது, அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தவர்களில் ஏறத்தாழ 100க்கு 5 பேரே முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானார்கள். அவர்கள் பழகிய இடத்தை விட்டு வீடு திரும்பினார்கள். நீயோ பழகிய இடத்துக்கே திரும்பி வந்தாய்.

பட்டறையை மாற்ற முடியாது. ஆனால் நீ சாய் குடிக்கும் நான்கு மணி வழக்கத்தை மாற்றலாம். சாயை வாசலில் நின்று குடிக்காமல் உள்ளே தையல் மேசையில் உட்கார்ந்து குடி. "தொடமாட்டேன்" என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வதைவிட, "கிளாஸைக் கீழே வைத்ததும் சோம்பை வாயில் போட்டு, வலது கையில் நூல்கண்டை எடுப்பேன்" என்று நேரத்தோடும் செயலோடும் கட்டி வைத்துக்கொள்வது கூடுதலாகப் பலன் தரும் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டுகின்றன. தயவுசெய்து பாக்குக்கு மாறிவிடாதே. பாக்கு தனியாகவே புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்திருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்குத் துணையாகப் பரேல் டாட்டா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வந்தவள் நான். அந்த வரிசையில் உன்னைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நிக்கோட்டின் சூயிங்கம் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்போம்.

எத்தனை நாள் என்று கேட்பாய். லண்டனில் ஃபிலிப்பா லாலி 96 பேரிடம் செய்த ஆய்வில், புதிய செயல் தானாக வரும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாட்கள் பிடித்தன. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைத் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அந்த டப்பியை என்னிடம் கொடுத்துவிடு. சோம்பை நானே வறுத்துக் கொண்டுவருகிறேன். திங்கட்கிழமை நான்கு மணிக்குத் தொலைபேசியில் அழைப்பேன், கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பேசு.

அன்புடன்,
அக்கா