மாத்திரை தரும்போது பாதத்தையும் பாருங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சருக்கும் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி சர்க்கரை நோயாளிகளின் கால் புண்களுக்குக் கட்டுப் போடுவதிலேயே கழிந்தது. அவர்களுள் ஒருவரை என்னால் இன்றளவும் மறக்க முடியவில்லை.

அவர் கட்டட வேலை பார்ப்பவர். வீட்டில் இரண்டு நாளாக ஏதோ நாற்றம் அடித்ததாகவும், எலி செத்துக் கிடக்கிறதோ என்று பரண் முழுக்கத் தேடியதாகவும், கடைசியில் அது கணவரின் காலிலிருந்து வந்தது தெரிந்து பதறிப்போனதாகவும் அவருடைய மனைவி சொன்னார். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஆணி ஒன்று உள்ளங்காலில் ஏறியிருந்தது. அதோடுதான் அவர் பல நாள் சாரத்தில் ஏறி இறங்கியிருக்கிறார். "வலிக்கவே இல்லையேம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மஞ்சள் பை நிறைய மருந்துச் சீட்டுகள் வைத்திருந்தார். எட்டு ஆண்டுகளில் ஒரு நாள்கூட மாத்திரை தவறியதில்லை என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன். அந்த எட்டு ஆண்டுகளில், செருப்பைக் கழற்றுங்கள், பாதத்தைப் பார்க்கிறேன் என்று அவரிடம் சொன்னவர் ஒருவரும் இல்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை மனதாரப் பாராட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி. கூலியை விட்டுவிட்டு மாத்திரைக்காக வரிசையில் நிற்க முடியாமல் சிகிச்சையையே கைவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். அவர்களின் வாசலுக்கே மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் மருந்தோடு போகிறார் என்பது சாதாரணக் காரியம் அல்ல. ஆனால், மாத்திரை வீடு தேடி வருவதாலேயே சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாகக் குடும்பங்கள் நம்பிவிடுகின்றன. அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இந்த மடல்.

நாளை மறுநாள் ரத்தம் எடுக்கப் போகிறார்கள் என்றால், இரண்டு நாளைக்குச் சர்க்கரை இல்லாத காபி, வெந்தயத் தண்ணீர், அரை வயிற்றுச் சாப்பாடு என்று இருந்துவிட்டு வெறும் வயிற்றில் போய் நிற்பவர்களை எல்லாருக்கும் தெரியும். அன்றைய அளவு நன்றாகவே இருக்கும். ஆனால் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்கின்றன. அவற்றில் படிந்திருக்கும் சர்க்கரையை இரண்டு நாள் பத்தியத்தால் மறைக்க முடியாது. மக்கள் 'மூன்று மாத சர்க்கரை' என்று சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனை அதைத்தான் காட்டுகிறது. ரத்தசோகை உள்ளவர்களிடம் அந்த எண் சற்றுத் தவறாக வரக்கூடும் என்பதால் நம் பெண்களுக்கு ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

இந்த எண்ணுக்கு நான் ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன் என்றால், பின்னாளில் வரும் கேடுகள் இதைப் பொறுத்தே அமைகின்றன. இங்கிலாந்தில் புதிதாக இரண்டாம் வகை சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஹெச்பிஏ1சி ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களிடம் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண் ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைவாக இருந்தன. அந்த ஆய்வில் ஒரு பிரிவினருக்குச் சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள், மற்றப் பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை தந்தார்கள். ஆய்வுக் காலம் முடிந்த ஓராண்டுக்குள் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. ஆனால் தொடக்கத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கிடைத்த பலன் பத்து ஆண்டுகள் கழித்தும் நீடித்தது. முதல் சில ஆண்டுகளில் காட்டும் அக்கறையை உடல் மறப்பதில்லை. முகாமில் புதிதாகக் கண்டறியப்படும் முப்பத்தைந்து வயது ஓட்டுநருக்கு, மாத்திரைப் பட்டையைக் கொடுத்து அனுப்பாமல் கால் மணி நேரம் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். எண்பது வயதுப் பாட்டிக்கு அதே கெடுபிடி தேவையில்லை. அவருக்குச் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவதுதான் பெரிய ஆபத்து.

இனி பாதத்துக்கு வருகிறேன். நரம்பு பாதிக்கப்படும்போது பலருக்கு முதலில் எரிச்சலும் மதமதப்பும் வரும். சில ஆண்டுகளில் எரிச்சல் நின்றுவிடும். குணமாகிவிட்டது என்று மகிழ்ச்சியோடு வந்து சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். உண்மையில் நரம்பு செத்துப்போனதால் வந்த அமைதியாகவும் அது இருக்கலாம். அதன்பின் குத்திய முள்ளும் தெரியாது, கோயில் பிராகாரத்துச் சூடும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவான தொடுபரிசோதனை ஒன்று உண்டு. நோயாளியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, இரண்டு பாதங்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை நம் ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தொட்டது தெரிந்ததும் அவர் சொல்ல வேண்டும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், அந்தப் பாதத்துக்கு ஆபத்து இருக்கிறது என்று கொண்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மாத்திரை கொடுக்கப் போகும் தன்னார்வலர் திண்ணையிலேயே உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் இதைச் செய்துவிடலாம். அப்படியே விரலிடுக்கில் வெடிப்பு இருக்கிறதா, ஆணிக்கால் இருக்கிறதா, செருப்புக்குள் கல்லோ ஆணியோ கிடக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் வைத்த, பாதத்தைக் காக்கும் செருப்பு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். ஒரு காலை எடுத்த பிறகு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

கண் பரிசோதனைக்கு மக்கள் வராததைச் சோம்பல் என்று நினைத்துவிட வேண்டாம். பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், துணைக்கு ஒருவர் வர வேண்டும், ஆக இரண்டு பேரின் ஒரு நாள் கூலி போய்விடும். பார்வையோ நன்றாகத்தான் தெரிகிறது. விழித்திரை கெட்டு வெகுகாலம் வரை அப்படித்தான் தெரியும். எனவே விழித்திரைப் படம் எடுக்கும் கருவியை ஆண்டுக்கு ஒரு நாளாவது ஊருக்கே கொண்டு வாருங்கள். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் கூடும் கழிவான கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கிவிடுவதால் அந்தச் சிறுநீர்ப் பரிசோதனையையும் அதே நாளில் செய்துவிடலாம். மூட்டுவலிக்குக் கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடலாம்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம் என்றும் கூறியது. இத்தனை பேருக்கும் மாத்திரை கொண்டு சேர்க்க நம்மால் முடியும் என்பதைக் காட்டிவிட்டோம்.

நான் கேட்பது, ஒவ்வொருவரின் சர்க்கரை நோட்டிலும் ஒரு பக்கம். அதில் மூன்று மாத சர்க்கரை, பாதம், கண், சிறுநீர் என்ற நான்கு கட்டங்கள் இருக்க வேண்டும். பார்த்த தேதியும் பார்த்தவரின் கையெழுத்தும் அவற்றில் ஏற வேண்டும். எத்தனை பேருக்கு மாத்திரை தந்தோம் என்று மாவட்ட ஆய்வுக் கூட்டங்களில் கேட்பதோடு, எத்தனை பேருக்கு இந்த நான்கும் நிரம்பியிருக்கிறது என்றும் கேளுங்கள். தன்னார்வலர்களுக்கு இந்தத் தொடுபரிசோதனையைக் கற்றுத்தர ஒரு முற்பகல் போதும். எங்களைப் போன்ற ஓய்வு பெற்ற செவிலியர்களை அழைத்தால், ஊர் ஊராக வந்து சொல்லித்தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்