திருவல்லிக்கேணி மேன்ஷனில் என்னைக் கைவிடாதவர்களுக்கு

அன்புள்ள மேன்ஷன் அண்ணனுக்கும், மருத்துவர் அம்மாவுக்கும், மருந்துக்கடைத் தம்பிக்கும், அன்றிரவு 104 மருத்துவ உதவி எண்ணில் பேசிய சகோதரிக்கும்,

வணக்கம். உங்களுக்கு இன்னும் முறையாக நன்றி சொல்லவில்லை. நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தபோது, எங்கள் மேன்ஷன்காரர்களில் பலர் அதற்கு முன்பே கோயம்பேட்டில் முண்டியடித்து பஸ் ஏறி ஊர் போயிருந்தார்கள். எனக்குப் போக வீடு இல்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை, மெஸ்ஸில் தெரிந்த முகங்கள், சாயங்காலம் மெரினாவில் ஒரு நடை, இவையும் அந்த மாத்திரையோடு சேர்ந்துதான் என்னை நடமாட வைத்திருந்தன. எல்லாம் ஒரே வாரத்தில் நின்றன. மெரினா திறக்க டிசம்பர் 14 ஆனது.

அண்ணே, நான் தண்ணீர் பிடிக்கக்கூட வெளியே வரவில்லை என்பதை முதலில் கவனித்தது நீங்கள்தான். கதவைத் தட்டிவிட்டு, திறக்கும்வரை நின்றீர்கள். "தைரியமா இரு" என்றெல்லாம் சொல்லவில்லை. "குளிச்சிட்டு வாப்பா, சோறு ஆறுது" என்றீர்கள். உங்கள் ஒற்றை அடுப்பில் வைத்த ரசத்தில் எனக்கும் பங்கு இருந்தது.

மாத்திரை தீர்ந்துகொண்டிருந்தது. இந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலை சுற்றும், உடம்பில் ஷாக் அடித்தாற்போல வெட்டும், தூக்கம் போய்விடும். பழைய நோயும் திரும்ப வரலாம். கிளினிக் பூட்டிக் கிடந்தது. தொலைபேசியில் மருத்துவம் பார்ப்பதற்கான விதிமுறைகளை மத்திய அரசு அந்த மார்ச் 25-இல்தான் வெளியிட்டது. மருத்துவர் அம்மா, நீங்கள் போனிலேயே பொறுமையாக விசாரித்து, வாட்ஸ்அப்பில் சீட்டு அனுப்பினீர்கள்.

தம்பி, சரக்கு வராத நாட்கள் அவை. பாரதி சாலையில் கடை கடையாகக் கேட்டு நீ அந்த மாத்திரையைத் தேடி எடுத்தாய். வரிசையில் பத்து பேர் நிற்க, மருந்தின் பெயரை உரக்கச் சொல்லாமல் கவரில் போட்டு நீட்டினாய். "காசு அப்புறம் பாத்துக்கலாம்ணா." உன் வயதில் அந்த நாகரிகம் பெரிது.

ஜூன் 19-இல் சென்னைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு வந்தது. அதில் ஓர் இரவு 104-ஐ அழைத்தேன். சகோதரி, சுற்றி வளைக்காமல் கேட்டீர்கள்: "செத்துடலாம்னு தோணுதாண்ணா?" அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்ல முடிந்ததே பாதி மூச்சு வந்த மாதிரி இருந்தது. நீங்கள் பதறவில்லை, புத்தி சொல்லவில்லை. கட்டடத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். கீழே போய் அண்ணனை எழுப்பச் சொன்னீர்கள். அவர் குரலைக் கேட்கும்வரை போனை வைக்கவில்லை.

மறுநாள் முதல் மொட்டை மாடியில் நடக்க அண்ணன் ஏற்பாடு செய்தார். சாவியை என்னிடம் தரவில்லை; கூடவே வந்து நடந்தார். மூட்டுவலிக்காரர். ஏன் வருகிறார் என்று இருவருக்கும் தெரியும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

வீதி முனை அம்மா உணவகத்து அக்காக்களுக்கும் என் கும்பிடு.

இன்று அச்சகம் ஓடுகிறது, நானும் வேலைக்குப் போகிறேன். மருத்துவர் சொன்னபடி மாத்திரை தொடர்கிறது. 2022 அக்டோபரிலிருந்து டெலி மனாஸ் என்ற இலவச மனநல ஆலோசனைச் சேவை 14416 என்ற எண்ணில் இருக்கிறது. அன்று நான் இருந்த நிலையில் யாராவது இதைப் படித்தால், இப்போதே அழையுங்கள்.

சகோதரி, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. அந்த அழைப்புக்குப் பின் நான் என்ன ஆனேன் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. நன்றாக இருக்கிறேனம்மா.

நன்றியுடன்,
மூன்றாம் மாடி அறைவாசி