பெயர் கேட்க நேரமில்லாமல் போனவருக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

தம்பி நன்றாக இருக்கிறான். நுரையீரல் தெளிந்துவிட்டது, இனி பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பசிக்கிறது என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. இத்தனை நாளும் நேரம் காலம் பார்க்காமல் விசாரித்துக்கொண்டே இருந்தீர்கள். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேபாளத்தில், தோராங் லா மலைக் கணவாய்க்குக் கீழே, உயரம் ஒத்துக்கொள்ளாமல் தம்பியின் நுரையீரலும் மூளையும் பாதிக்கப்பட்ட அந்த ராத்திரி என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி உட்கார்ந்து எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றியை மட்டும் எழுதுகிறேன். இப்போதே எழுதாவிட்டால் அன்றாட வேலைகளுக்கு நடுவே அது தள்ளிப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

எங்கள் கைடுக்கு முதல் நன்றி. லம்ஜுங் மாவட்டத்துக்காரர், அதிகம் பேசாதவர். தம்பிக்கு முடியவில்லை என்றதும் டார்ச்சோடு வந்தார். தரையில் ஒரு பலகை இடுக்கைக் காட்டி, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடுகிற மாதிரி அடி வைத்து அதன் மேலேயே நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியிலேயே அவன் சாய்ந்து சுவரைப் பிடித்தான். விடியட்டும், மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்ற பேச்சுக்கே அவர் இடம் கொடுக்கவில்லை. இப்போதே இறங்க வேண்டும் என்றார், அவ்வளவுதான். அந்த உயரத்தில் மூளையில் வீக்கம் கண்டுவிட்டால் மருந்தும் ஆக்சிஜனும் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும். ஆளைக் காப்பாற்றுவது கீழே இறங்குவதுதான். நடுராத்திரியில், 4,800 மீட்டருக்கும் மேலே, அதைத் தயங்காமல் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் கைகூப்பத் தோன்றுகிறது.

அடுத்து மனாங் ஊரில் இமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் அந்தச் சின்ன மருத்துவமனை. 1973இல் தொடங்கிய அமைப்பு. சீசன் நேரத்தில் டாக்டர்கள் தன்னார்வலர்களாக வந்து 3,500 மீட்டர் உயரத்தில் தங்கி வைத்தியம் பார்க்கிறார்கள். பிற்பகலில் மலையேற வந்தவர்களை உட்கார வைத்து, உயரத்தில் உடம்புக்கு என்னவெல்லாம் ஆகும், எதை அலட்சியம் செய்யக் கூடாது என்று பொறுமையாகப் பாடம் எடுக்கிறார்கள். ஏறிப் போகும்போது அந்த வகுப்பில் நாங்களும் இருந்தோம். அங்கே சொல்லிக் கொடுத்தவரே திரும்பி வந்தபோது தம்பியின் மூக்கில் ஆக்சிஜன் குழாயை வைத்தார். அவருக்கும், உடன் இருந்த நர்ஸுக்கும் என் ஆயுள் முழுக்க நன்றி.

கணவாயின் அடிவாரத்தில் உள்ள தோராங் ஃபேதி முகாமிலிருந்து விடியற்காலையில் குதிரையைக் கொண்டுவந்து, மண்சரிவுப் பகுதி முழுக்கக் கடிவாளத்தை விடாமல் நடந்த குதிரைக்காரர். ஒவ்வொரு வளைவிலும் பூண்டு சூப்பை வாயில் ஊற்றிய எங்கள் போர்ட்டர். ஹெலிகாப்டருக்கும் இன்சூரன்ஸுக்கும் சேர்த்து ராத்திரியெல்லாம் போனில் மல்லுக்கட்டிய சித்தப்பா மகன். காத்மாண்டுவில் முன்பின் தெரியாத எங்களுக்கு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த தமிழ்க் குடும்பம். எங்களை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், நான் வற்புறுத்திய பிறகே கணவாயைத் தாண்டிப் போன குழுவினர். எங்கள் அம்மாவின் ஆசைக்காகத்தான் நாங்கள் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தோம். கணவாயின் மறுபக்கம் இறங்கினால் முக்திநாத். ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராம திவ்ய தேசம். எங்களால் போக முடியவில்லை. ஆனால் அந்த நூற்றெட்டுத் தாரைகளிலும் குழுவினர் எங்களுக்காகத் தலை நனைத்துக்கொண்டு, தீர்த்தமும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அம்மா அதைப் பூஜை அறையில் வைத்திருக்கிறார். எல்லோருக்கும் தனித்தனியாகப் பேசுவேன்.

ஆனால் ஒருவரோடு மட்டும் என்னால் பேச முடியாது. இந்த மடலை எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுவதே அவருக்காகத்தான்.

இறங்க வேண்டும் என்று முடிவானதும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். கைடு ஆக்சிஜன் சிலிண்டருக்காக விடுதிக்காரரை எழுப்பப் போனார். எங்கள் போர்ட்டர் பையைக் கட்டப் போனார். நான் தம்பியைச் சாப்பாட்டுக் கூடத்து பெஞ்சில் உட்கார வைத்து பூட்ஸை மாட்டத் தொடங்கினேன். அந்த அறையில் அடுப்பு அணைந்து வெகு நேரம் ஆகியிருந்தது. பூட்ஸ் குளிரில் விறைத்துப் போய், நாக்கு உள்ளே மடிந்து மடிந்து கொண்டது. அவனுடைய கால் பாரமாக, அவனுக்குச் சொந்தமில்லாததைப் போல என் மடியில் கிடந்தது. கயிற்றைப் பிடித்தால் என் விரலுக்குப் பிடித்த உணர்வே இல்லை. முடிச்சு விழவில்லை. அழுகை வந்துவிட்டது.

சுவரோரம் இருந்த பெஞ்சுகளில் வேறு குழுக்களின் போர்ட்டர்கள் படுத்திருந்தார்கள். கூட்டம் அதிகமுள்ள நாட்களில் அவர்களுக்கு அங்கே அறை கிடைக்காது. கடைசி விருந்தாளி சாப்பிட்டு எழுந்த பிறகு அந்தக் கூடம்தான் அவர்களுக்குப் படுக்கை. அப்படிப் படுத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து வந்தார். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கலாம். நெற்றியில் குறுக்காக, சுமைப் பட்டையான நாம்லோ இழுத்த தடம். "தீதி", அதாவது அக்கா, என்று மட்டும் சொல்லி, என் கைகளை மெதுவாக எடுத்து ஓரமாக வைத்தார். தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தார்.

மாட்டியிருந்த பூட்ஸை முழுக்கக் கழற்றினார். தம்பியின் சாக்ஸைத் தொட்டுப் பார்த்தார், ஈரம். அதையும் உருவினார். தன் ஜாக்கெட்டுக்குள், வயிற்றோடு ஒட்டி உலர வைத்திருந்த கம்பளிச் சாக்ஸை வெளியே எடுத்து மாட்டிவிட்டார். சாம்பல் நிறம், குதிகாலில் சிவப்பு நூலால் தைத்த ஒட்டு. அது அவர் காலையில் போட்டுக்கொள்ள வைத்திருந்தது. நான் வேண்டாம் என்று சொல்லக் கையை நீட்டினேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அப்புறம் பூட்ஸை மாட்டி, தம்பியின் காலைத் தூக்கிக் குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டினார். குதிகால் பின்பக்கம் போய் நன்றாக உட்கார வேண்டுமாம். விரல் பக்கம் கயிற்றைத் தளர்வாக விட்டார். பாதத்தின் மேல் வளைவில் கயிற்றை ஒன்றுக்கு இரண்டு சுற்றாகச் சுற்றி இறுக்கி நிறுத்தினார். கணுக்காலுக்கு வந்ததும் முழு பலத்தோடு இழுத்தார். செங்குத்தாக இறங்கும்போது கால் முன்னால் சரிந்தால் விரல்கள் பூட்ஸின் முனையில் மோதும். நகம் போகும், வலியில் அடி தப்பும். நேராக நடக்கத் தெரியாத நிலையில் இருந்த ஒருவனுக்கு அந்த இருட்டில் ஒரு அடி தப்பினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடைசியில் இரட்டை முடிச்சு. மிச்சக் கயிறு எங்கும் மாட்டிவிடாமல் இருக்க அதை மடக்கி உள்ளே செருகினார். அடுத்த காலுக்கும் இதேபோல், அவசரமே இல்லாமல்.

கைடு வந்து தம்பியின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் ஓடினேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோது அவர் வெறும் காலோடு பெஞ்சுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். பெஞ்சுக்கு அடியில் ஒரு ஜோடி கோல்ட்ஸ்டார் ஷூ இருந்தது. கணவாயில் காற்று வேகம் பிடிப்பதற்குள் தாண்டிவிட வேண்டும் என்பதால் அங்கே எல்லோரும் இருட்டிலேயே கிளம்புவார்கள். இன்னும் சில மணி நேரத்தில் அவரும் எழுந்து, யாரோ ஒருவருடைய பைகளைச் சுமந்துகொண்டு 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் கணவாய் வரை ஏறி, மறுபக்கம் 1,600 மீட்டருக்கு மேல் இறங்கியிருப்பார். அந்தத் துணி ஷூவோடு. எந்தச் சாக்ஸோடு என்று எனக்குத் தெரியாது.

அந்த இறக்கத்தில் தம்பி ஒருமுறை கூட வழுக்கவில்லை. மனாங்கில் டாக்டர் காலைப் பார்க்க வேண்டும் என்று பூட்ஸைக் கழற்றினார். அந்த முடிச்சை அவிழ்க்க அவருக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. உள்ளே பாதம் காய்ந்து, கதகதப்பாக இருந்தது. ஒரு நகம் கூடக் கன்றவில்லை.

உயிரைக் காப்பாற்றியது இறக்கமும் ஆக்சிஜனும் டாக்டர்களும்தான், எனக்குத் தெரியும். ஆனால் ராத்திரி தூக்கம் கலையும்போது எனக்கு முதலில் நினைவு வருவது அந்த முடிச்சுப் போட்ட கைகள். அவருக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எங்கள் குழு ஆள் இல்லை, எங்களிடம் சம்பளம் வாங்குகிறவர் இல்லை. அடுத்த நாள் அவருக்கு ஒரு மணி நேரத் தூக்கம் எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தால் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதை நினைக்க நினைக்க இன்னொன்று மனதை அறுக்கிறது. உடம்புக்கு முடியாமல் போனது தம்பிக்குப் பதிலாக அந்த இளைஞருக்கு என்றால்? அவரோடு இறங்க யார் வந்திருப்பார்கள்? குதிரை, ஹெலிகாப்டர் எல்லாம் யார் சொல்லி வந்திருக்கும்? மலை நாட்டுப் பையன், அவனுக்கு உயரம் ஒன்றும் செய்யாது என்று பலர் நினைக்கிறோம். தாழ்ந்த பகுதிக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வருகிற போர்ட்டர்களும் நிறைய. அவர்கள் நுரையீரலும் நம்முடையது மாதிரியேதான். 1997இல் தொடங்கிய சர்வதேசப் போர்ட்டர் பாதுகாப்புக் குழு சில விதிகளை எழுதி வைத்திருக்கிறது. உயரத்துக்கு ஏற்ற உடை தர வேண்டும். தங்க இடம் தர வேண்டும். மலையேற வந்தவருக்குப் பார்க்கிற அதே வைத்தியத்தைச் சுமப்பவருக்கும் பார்க்க வேண்டும். நோயாளியான போர்ட்டரைத் தனியாகக் கீழே அனுப்பக் கூடாது. நேபாளத்தில் ஆளுக்கு 30 கிலோவுக்கு மேல் சுமத்தக் கூடாது. இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டிய நிலை இருந்தது என்பதே வேதனை.

2014 அக்டோபரில் வங்கக் கடலில் உருவாகி விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹூட்ஹூட் புயலின் மிச்சம், இதே தோராங் லாவில் பனிப்புயலாகக் கொட்டியது. அந்தப் பகுதி மலைகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாடு நாடாக வந்த மலையேறிகளோடு, அவர்களைக் கூட்டிக்கொண்டு போன நேபாளிகளும் அதில் உண்டு. இனி அந்தச் செய்தியை நான் அந்த பெஞ்சுகளை நினைக்காமல் படிக்க முடியாது.

நானும் தம்பியும் சேர்ந்து எடுத்த முடிவு இது. இனி எந்த மலைக்குப் போனாலும் பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்போம்: போர்ட்டர்கள் எங்கே தூங்குவார்கள், காலில் என்ன போட்டிருப்பார்கள், அவர்களுக்கு இன்சூரன்ஸ் உண்டா. பதில் சரியாக வராத இடத்தில் போக மாட்டோம். நீங்கள் போகும்போதும் கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால் பதில் மாறும் என்று நம்புகிறேன்.

இன்னொன்று, இது உடனே செய்ய வேண்டியது. காத்மாண்டுவில் கீப் என்ற சுற்றுச்சூழல் கல்வி அமைப்பு போர்ட்டர்களுக்காக ஒரு உடை வங்கி நடத்துகிறது. மலைக்கு ஏற்ற ஜாக்கெட், பூட்ஸ், கையுறையை அங்கே கொடுத்தால், வேலைக்குப் போகிற போர்ட்டர்கள் அதை எடுத்துப் பயன்படுத்துவார்கள். அந்த இளைஞரைக் கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியவில்லை. அவரைப் போன்ற ஒருவர் காலுக்கு ஒரு நல்ல பூட்ஸ் போய்ச் சேர வழி இருக்கிறது. இமயமலைக்கு ஒருமுறை போய் வந்து பரணில் போட்டு வைத்திருக்கும் பூட்ஸ், கம்பளிச் சாக்ஸ், டவுன் ஜாக்கெட் உங்கள் வீட்டில் இருந்தால் எங்களிடம் கொடுங்கள். அடிப்பாகம் பிரிந்தது, தண்ணீர் இறங்குவது வேண்டாம். நாம் போட்டுக்கொண்டு அந்தக் கணவாயை ஏறத் தயாராக இருக்கும் பொருளாக இருக்கட்டும். வரும் மார்ச், ஏப்ரலில் காத்மாண்டு பக்கம் போகிறவர்கள் உங்கள் பையில் கொஞ்சம் இடம் ஒதுக்க முடியுமானால் இப்போதே சொல்லி வையுங்கள். எல்லா பூட்ஸுக்கும் புதுக் கயிறு போட்டுத் தரும் வேலையைத் தம்பி எடுத்துக்கொண்டிருக்கிறான். முதல் கட்டுக் கயிறு வாங்கியும் ஆகிவிட்டது.

நெஞ்சு நிறைந்த நன்றியுடன்,
அவனுடைய அக்கா