மழைக் குறிப்பேடு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒன்பதாம் வகுப்பின் புவியியல் வேளையில் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். “எல் நினோ வந்தால் இந்தியாவில் மழை குறையும்” என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து, “2015இல் எல் நினோ இருந்ததே சார், அந்த வருடம்தானே சென்னையில் வெள்ளம் வந்தது?” என்று கேட்டாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. அந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

பசிபிக் பெருங்கடலில் நிலநடுக்கோட்டை ஒட்டிக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. வெயிலில் சூடேறிய மேல்நீரை அது இந்தோனேசியாப் பக்கம் தள்ளிக் குவிக்கிறது. கடல் சூடாக உள்ள இடத்தில் காற்று மேலெழும், மேகம் திரளும். சில ஆண்டுகளில் இந்தக் காற்று தளர்ந்துபோகிறது. குவிந்திருந்த வெப்பநீர் கிழக்கே பரவுகிறது. இதைத்தான் எல் நினோ என்கிறோம். மேகம் திரளும் இடமும் கூடவே நகர்கிறது. மேலே போன காற்று எங்காவது கீழே இறங்கியாக வேண்டுமே? அது இறங்கும் பரப்பில் நம் நாடும் அகப்பட்டுக்கொண்டால் இங்கே மேகம் எழும்ப முடியாது. கிறிஸ்துமஸ் சமயத்தில் தங்கள் கரைக்கு வரும் வெப்பநீரைப் பெரு நாட்டு மீனவர்கள் ‘குழந்தை இயேசு’ என்ற பொருளில் அழைத்த பெயர்தான் எல் நினோ.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் நாட்டின் சராசரி மழை ஏறத்தாழ 87 சென்டிமீட்டர். எல் நினோ ஆண்டான 2009இல் அதில் 22 விழுக்காடு குறைந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பஞ்சம் நீடித்த 1877இல் பசிபிக் கடல் கடுமையாகச் சூடேறியிருந்தது. கடல் தடுத்தது மழையை மட்டும்தான். ஊரில் மக்கள் பட்டினி கிடக்கும்போது தானியம் கப்பலேறியதற்கு அன்றைய ஆட்சிதான் பொறுப்பு. இதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம்.

ஆனால் 1997ஐப் பாருங்கள். கடந்த நூற்றாண்டின் மிக வலிய எல் நினோக்களில் ஒன்று அப்போது உருவானது. வறட்சி நிச்சயம் என்று பலர் அஞ்சினார்கள். நாட்டின் மழையோ சராசரியைவிடச் சற்றே கூடுதலாகப் பெய்தது. இதற்கு நம் பக்கத்துக் கடலையும் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடாகவும் சுமத்ரா பக்கம் குளிர்ந்தும் இருந்தன. ‘இந்தியப் பெருங்கடல் இருமுனை’ என்று இதற்கு 1999இல்தான் பெயர் வைத்தார்கள். மேற்கு சூடாக இருக்கும் ஆண்டுகளில் அது பெரும்பாலும் நம் பருவமழைக்குக் கைகொடுக்கிறது. இரண்டு கடல்களும் எதிரெதிராக இழுக்கும்போது எது வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்வது வானிலை ஆய்வாளர்களுக்கே கடினம். அதனால்தான் வானிலைத் துறை இத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று சொல்கிறது. அது மழுப்பல் இல்லை, நேர்மை.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாட்டுக்கு முதன்மையான மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கும் அதே எல் நினோ, இந்த மழையைப் பல ஆண்டுகளில் வலுப்படுத்துகிறது. 2015இல் தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதும் 14 விழுக்காடு குறைந்தது. நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் சென்னையில் கொட்டித் தீர்த்தது. வகுப்பு சொன்னதும் சரி, அவள் கேட்டதும் சரி. அதற்காகத் தென்மேற்குப் பருவமழை நமக்கு அந்நியம் என்று எண்ணிவிட வேண்டாம். குடகு மலையில் அது பொய்த்தால் மேட்டூர் அணைக்கு வரும் தண்ணீர் குறைந்துவிடும்.

இதைப் புத்தகத்தில் படித்தால் மட்டும் போதாது. ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டில் மழையை அளந்து எழுதப்போகிறார்கள். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஒரு கண்ணாடிக் குவளையும் ஓர் அளவுகோலும் போதும். கூரை, மரம் எதுவும் மறைக்காத திறந்த இடத்தில் வைக்க வேண்டும். தினமும் காலை 8.30 மணிக்கு அளக்க வேண்டும். வானிலைத் துறையும் அதே நேரத்தில்தான் அளக்கிறது. பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் வெப்பநிலை வரைபடத்தை மாதந்தோறும் வகுப்புச் சுவரில் ஒட்டுவோம். பிள்ளைகள் தங்கள் குறிப்பேட்டை அதன் அருகில் வைத்துப் பார்ப்பார்கள். ஓர் ஊரின் ஒரு வருட மழையை வைத்து முடிவு எதுவும் சொல்ல முடியாது என்பதும் அப்போது அவர்களுக்குப் புரியும்.

உங்களிடம் இரண்டு உதவிகள் கேட்கிறேன். மழை பெய்யாத நாளில் 0 என்று எழுதச் சொல்லுங்கள். அளக்க மறந்த நாளைத் தயவுசெய்து ஊகித்து நிரப்பிக் கொடுக்காதீர்கள், அப்படியே காலியாக விடட்டும். இதற்கு மதிப்பெண் கிடையாது. அடுத்து, வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், எந்தெந்த வருடம் கிணறு வற்றியது, எந்த வருடம் ஏரி உடைத்துக்கொண்டது என்று பிள்ளைகளை அவர்களிடம் கேட்டு எழுத வையுங்கள்.

பள்ளி நேரம் 9.15க்குத்தான் என்பதால் அளந்துவிட்டு வர நேரம் இருக்கும். வீட்டில் திறந்த இடம் இல்லாதவர்கள் பள்ளி மொட்டைமாடியில் குவளையை வைத்துக்கொள்ளலாம், காலை 8.15க்கே கதவைத் திறந்து வைத்திருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்