கடிகாரத்தைத் திருத்தும் முன் பிழையை அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூருவில் பீன்யா, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளிலும் சிவாஜிநகர், அல்சூர் கடைத்தெருக்களிலும் உள்ள சிறு நிறுவனங்கள் பலவற்றின் கணக்கு, சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு எல்லாம் இப்போது ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்டு ஓடும் சில மெய்நிகர் கணினிகளில் (விர்ச்சுவல் மெஷின்) நடக்கின்றன. அவற்றில் மணி தவறிவிட்டதாகப் புகார் வந்தால், பராமரிப்புக்கு வருபவர் தம் கைபேசியைப் பார்த்து அதே மணியைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார். சில நாளில் அதே புகார் திரும்பவும் வருகிறது. இந்த வேலையில் இருக்கும் தமிழ் இளைஞர்களும் அவர்களை அமர்த்தும் முதலாளிகளும் தங்கள் நாளிதழைப் படிப்பவர்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

மணி தவறினால் முதலில் பார்க்க வேண்டியது, எவ்வளவு தவறியிருக்கிறது என்பதே. அதைக் குறித்துக்கொள்ளாமல் திருத்துபவர், காரணத்தைக் காட்டக்கூடிய தடயத்தைத் தம் கையாலேயே அழித்துவிடுகிறார்.

பிழை சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் கடிகாரத்தின் ஓட்டத்தில் கோளாறு இல்லை. உலக நேரத்துக்கும் (யுடிசி) இந்திய நேரத்துக்கும் உள்ள வேறுபாடு எங்கோ இருமுறை கூட்டப்பட்டிருக்கிறது, அல்லது கூட்டப்படாமல் விடுபட்டிருக்கிறது. கணினியின் மதர்போர்டில் பேட்டரியால் ஓடும் வன்பொருள் கடிகாரம் காட்டுவதை விண்டோஸ் வழக்கமாக உள்ளூர் நேரமாகக் கொள்ளும். லினக்ஸ் அதையே உலக நேரமாகக் கொண்டு 5 மணி 30 நிமிடத்தைத் தானே கூட்டிக்கொள்ளும். மெய்நிகர் கணினிக்கோ தனக்கென ஒரு வன்பொருள் கடிகாரம் கிடையாது. அதை இயக்கும் கேவிஎம், விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள் எதைக் காட்டுகிறதோ அதுதான் அதற்குக் கடிகாரம். அங்கே உலக நேரம் என்று வைத்துவிட்டு உள்ளே விண்டோஸை நிறுவினால் தொடங்கும்போதெல்லாம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கும். உள்ளூர் நேரம் என்று வைத்து லினக்ஸை நிறுவினால் அதே அளவு முந்தும். அந்த ஒரு செட்டிங்கை மாற்றினால் போதும். இதைவிடக் கெடுதலானது, நேர மண்டலத்தை உலக நேரத்திலேயே விட்டுவிட்டு, திரையில் தெரியும் மணியை மட்டும் கையால் முன்னே தள்ளுவது. அப்போது திரை சரியாகத் தெரியும், ஆனால் உள்ளே கணினி ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் இருக்கும். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆதென்டிகேட்டர் உள்நுழைவு எண்கள் பொருந்தமாட்டா; அலுவலகக் கணினிகளின் உள்நுழைவை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைனில் வழக்கமான அமைப்பின்படி 5 நிமிட வேறுபாட்டுக்கு மேல் உள்நுழைவே மறுக்கப்படும். திரையில் மணி சரியாக இருப்பதால் யாரும் கடிகாரத்தைச் சந்தேகிப்பதில்லை. பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்ப்பதிலேயே அரை நாள் போய்விடுகிறது.

பிழை ஓர் இரவு அல்லது ஒரு வார இறுதியின் அளவுக்கு இருந்தால், சனிக்கிழமை மாலை உறைநிலையில் நிறுத்தித் திங்கள் காலை எழுப்பிய கணினியாக இருக்கலாம். நினைவகத்தோடு எடுத்த பழைய ஸ்நாப்ஷாட்டிலிருந்து, அதாவது கணினியின் அப்போதைய நிலையின் நகலிலிருந்து, மீட்டதாகவும் இருக்கலாம். தான் உறைந்த நொடியிலிருந்தே அது எண்ணத் தொடங்கும். நெட்வொர்க் வழியாக மணியைச் சரிசெய்யும் என்டிபி இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள். அந்த வேலையைச் செய்யும் பழைய என்டிபிடி நிரல், ஓடிக்கொண்டிருக்கும்போது 1000 நொடிக்கு மேல் வேறுபாடு கண்டால் திருத்தாமல் தன்னையே நிறுத்திக்கொள்ளும். அதே வேலைக்கான புதிய நிரலான க்ரோனி அப்படி நிற்பதில்லை; ஆனால் பல லினக்ஸ் வகைகளில் உள்ள அமைப்பின்படி, தொடங்கியபின் வரும் முதல் மூன்று திருத்தங்களில் மட்டுமே நேரத்தைத் தாவவிடும், அதன்பிறகு மெல்ல நகர்த்தும். அதன் உச்ச வேகத்திலும் ஒரு மணி நேரப் பின்னடைவு சரியாக 12 மணி நேரம் பிடிக்கும். இந்த நிதானம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. மணி பின்னோக்கித் தாவினால் பிறகு போட்ட ரசீது முன்பே போட்டதாகப் பதிவாகிவிடும். ஆகவே உறைநிலையிலிருந்து எழுப்பியதும், கணக்கு மென்பொருளைத் திறப்பதற்கு முன்பாக, க்ரோனியை ஒருமுறை நிறுத்தித் தொடங்குவது நல்லது.

மணி முன்னும் பின்னுமாக ஊசலாடினால், இரண்டு பேர் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். விஎம்வேர் டூல்ஸ் அல்லது ஹைப்பர்-வி சேவை வழியாக மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் ஹோஸ்ட் சர்வர் ஒரு நேரத்தைத் தர, உள்ளே இருக்கும் என்டிபி வேறொன்றைச் சொல்லும். இரண்டில் ஒன்றை நிறுத்தியாக வேண்டும். விஎம்வேர் டூல்ஸில் அவ்வப்போது நடக்கும் ஒத்திசைவை அணைத்தாலும், ஸ்நாப்ஷாட்டிலிருந்து மீட்கும்போதும் வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்தும்போதும் அது நேரத்தைத் திருத்தும் என்பதால், ஹோஸ்ட்டின் மணியும் சரியாக இருப்பது அவசியம். இங்கே ஒரு வேடிக்கையும் நடப்பதுண்டு. விண்டோஸ் டொமைனை நிர்வகித்து அதன் கணினிகளுக்கு மணியும் தரும் டொமைன் கன்ட்ரோலர் ஒரு மெய்நிகர் கணினியாக ஹோஸ்ட்டுக்குள் ஓடும். ஹோஸ்ட் அதனிடம் மணி கேட்கும். அதுவோ ஹோஸ்ட்டிடமே கேட்கும். வழி தெரியாத இருவர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடப்பதைப்போல இரண்டும் சேர்ந்தே தவறிப்போகும். அலுவலகக் கணினிகள் யாவும் ஒரே மணியைக் காட்டுவதால் உள்ளே இருப்பவர்களுக்குத் தவறு தெரியாது.

நாளுக்குச் சில நொடிகளாக மெல்லப் பிசகுவது இவற்றுள் எளியது. பெரும்பாலும் ஃபயர்வாலில் என்டிபி செல்லும் வழியான யூடிபி 123ஆம் போர்ட் மூடப்பட்டிருக்கும்.

இது தொழில்நுட்பர்கள் மட்டும் பார்த்துக்கொள்ளும் விஷயமும் அன்று. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, டேட்டா சென்டர்களும் நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தேசிய தகவலியல் மையம் அல்லது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு, தம் கணினிகளின் மணியை ஒத்திசைக்க வேண்டும் என்கிறது. ஆனால் நான் பார்த்த பராமரிப்பு ஒப்பந்தங்களில் வைரஸ் தடுப்புக்கும் பேக்கப்புக்கும் தனித்தனிப் பத்திகள் இருக்கின்றன, நேரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஹோஸ்ட் சர்வர் எங்கிருந்து மணியைப் பெறுகிறது, மெய்நிகர் கணினிக்கு அதைத் தருவது ஹோஸ்ட்டா என்டிபியா என்ற இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குமாறும், மணி தவறும்போது திருத்துவதற்கு முன் பிழையின் அளவையும் அது முந்தியதா பிந்தியதா என்பதையும் புகார்ப் பதிவேட்டில் குறிக்கச் சொல்லுமாறும் சிறு தொழில் நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புப் பணியில் உள்ள ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு.