தணிந்த குரலை நம்பி மதிப்பெண் போடாதே

அன்புள்ள கயல்,

உன் ஆய்வின் முதல் வரைவைப் படித்தேன். பொருளாதாரப் பாட்காஸ்ட்கள் அரசியல் தலைவர்களை நிதானமாக அணுகுகின்றன, கேபிள் சேனல்கள் சீறுகின்றன என்று முடித்திருக்கிறாய். தலைப்பு அருமை, முடிவுதான் போதாது. தணிந்த குரலிலேயே ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிட முடியும். நீ அளந்திருப்பது ஒலியின் ஏற்ற இறக்கத்தை. அளக்க வேண்டியது, வாக்கியம் யாரைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை.

முதலில் ஒரே நிகழ்வை எடு. பாட்காஸ்டில் ஒரு மாதத்தையும் சேனலில் இன்னொரு மாதத்தையும் எடுத்தால் செய்தி மாறியதா, தொனி மாறியதா என்று பிரிக்கவே முடியாது. அமெரிக்காவின் மாதாந்திர வேலைவாய்ப்பு அறிக்கை இதற்கு நல்ல தொடக்கம். பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளி காலை 8.30-க்கு வரும். எல்லா ஊடகத்துக்கும் அதே எண்தான், எல்லா அதிபர்களும் அதற்கு ஏதாவது சொல்லியாக வேண்டும்.

எழுத்துப்படியிலிருந்து ஒரு தலைவரின் பெயரோ பதவியோ வரும் வாக்கியங்களை, முன்னும் பின்னும் ஒவ்வொரு வாக்கியத்தோடு வெட்டி எடு. அட்டவணையில் நான்கு பத்தி (column) போடு: சொன்னது யார்; பேசுவது தலைவரின் குணத்தையா, முடிவையா, முடிவின் விளைவையா, தேர்தல் லாபத்தையா; சாய்வு அவருக்குச் சாதகமா (கூட்டல்), பாதகமா (கழித்தல்), இரண்டும் இல்லையா (சுழி); அவர் தரப்புப் பதில் வந்ததா. முதல் பத்தியில்தான் அதிகம் சறுக்கும். எதிர்க்கட்சிக்காரரின் ஒலித்துண்டைப் போட்டுவிட்டுத் தொகுப்பாளர் அதை மறுத்தால், அந்த வசவு பாட்காஸ்டின் கணக்கில் ஏறக்கூடாது. எண்ணிக்கையை ஆயிரம் சொல்லுக்கு இத்தனை என்று மாற்று. இல்லாவிட்டால் ஒரு மணி நேர உரையாடல் ஆறு நிமிடத் துணுக்கை எப்போதும் மிஞ்சிவிடும்.

சொற்களை எண்ணித் தொனியைக் கணிக்கும் மென்பொருளை மட்டும் நம்பாதே. நிதித்துறை ஆய்வாளர்கள் லஃப்ரன், மெக்டொனால்ட் இருவரும் 2011-இல் காட்டியது நினைவிருக்கட்டும்: தொனியைக் கணிக்கப் பயன்படும் ஹார்வர்ட் சொற்பட்டியலான ஹார்வர்ட் அகராதி எதிர்மறை என்று குறித்த சொற்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிதித்துறையில் எதிர்மறையே இல்லை. வரி, செலவு, பொறுப்பு எல்லாம் அங்கே அன்றாடச் சொற்கள். பொருளாதார நிகழ்ச்சியை அந்த அகராதியில் ஓட்டினால் சும்மா விளக்கம் சொல்வதுகூட திட்டுவதாகப் பதிவாகும். மரியாதை அடைமொழியை எண்ணுவதும் அப்படித்தான். நியூயார்க் டைம்ஸ் 'மிஸ்டர்' போடுவது அந்தப் பத்திரிகையின் நடை விதி, அதிலிருந்து அபிமானத்தைப் படிக்காதே.

எழுத்துப்படியில் வராததும் உண்டு. 2009 மே மாதம் பிளானட் மணி என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பாட்காஸ்டுக்கு எலிசபெத் வாரன் வந்தார். அப்போது அவர் செனட்டர் இல்லை. நிதி நெருக்கடியில் வங்கிகளைக் காக்க வந்த 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டத்தைக் கண்காணிக்க அமெரிக்க காங்கிரஸ் அமைத்த குழுவின் தலைவர். தொகுப்பாளர் ஆடம் டேவிட்சன் அவரை மடக்கிக் கேட்ட விதத்தில் நேயர்கள் பலர் கொதித்துப் போனார்கள். இடைமறிப்பும் குரல் ஏறுவதும் தாளில் அரைகுறையாகத்தான் தெரியும். ஆகவே பேட்டி என்றால் ஒலியைக் கேட்டே மதிப்பெண் போடு. பொருளாதாரப் பாட்காஸ்ட் என்றாலே சாந்தம் என்ற உன் வரைவின் அடிப்படைக்கும் இந்த ஒரு பேட்டி எதிர்ச்சாட்சி.

ஆனாலும் உண்மையான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அது குரலில் இல்லை, எழுவாயில் இருக்கிறது. சேனலில் எழுவாய் பெரும்பாலும் ஆள்: அவர் பணிந்தார், அவர் வென்றார். பொருளாதாரப் பாட்காஸ்டில் கொள்கையே எழுவாய். தலைவர் ஓட்டுக் கணக்குக்கு ஏற்ப நடக்கும் ஒரு சாதாரண மனிதர். 1986-இல் நோபல் பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் புக்கானன் வழி வந்த பார்வை இது. 2012 தேர்தல் சமயத்தில் பிளானட் மணி இடது, நடு, வலது என ஐந்து பொருளாதார அறிஞர்களை அழைத்து, அவர்கள் ஒத்துக்கொண்ட ஆறு கொள்கைகளைச் சொன்னது. வீட்டுக்கடன் வட்டிக்கான வரிச்சலுகையை நீக்குவது, கார்பன் வரி, நிறுவன வருமான வரியை ஒழிப்பது எல்லாம் அதில் உண்டு. எந்த வேட்பாளரும் தொடத் துணியாத பட்டியல். தனி ஆளைத் திட்டாமலே அரசியல்வாதிகள் எல்லோரையும் சேர்த்துக் கண்டிக்கிறது அது. இதற்கு உன் அட்டவணையில் சுழிதான் விழும். அதனால் பெயர் சொல்லாமல் 'அரசியல்வாதிகள்' என்று பொதுவாக வரும் வாக்கியங்களுக்குத் தனித்தாள் வை. பாட்காஸ்டின் கடுமையும், பொறுப்பாளியைப் பெயர் சொல்லாமல் விட்டுவிடும் அதன் குறையும் அங்கேதான் தெரியும். அந்தக் குறையை நான் சின்னதாக நினைக்கவில்லை. யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்பவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

கட்சிச் சாய்வைச் சோதிக்க இறக்குமதி வரியை எடு. பெரும்பாலான பொருளாதார அறிஞர்களுக்கு யார் போட்டாலும் அது பிடிக்காது. 2018 மார்ச்சில் டிரம்ப் எஃகுக்கு 25 சதவீதம், அலுமினியத்துக்கு 10 சதவீதம் அறிவித்தார். 2024 மே மாதம் பைடன் சீன மின்வாகனங்களுக்கான வரியை 25-லிருந்து 100 சதவீதமாக்குவதாக அறிவித்தார். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துவிடாதே. எஃகு வரி 1962 சட்டத்தின் 232-ஆம் பிரிவில், தேசப் பாதுகாப்பின் பெயரில் வந்தது. கனடா போன்ற நட்பு நாடுகளையும் தாக்கியது. பைடனுடையது 1974 சட்டத்தின் 301-ஆம் பிரிவு, சீனாவுக்கு மட்டும். விமர்சனம் குறைந்திருந்தால் காரணம் கட்சியாகவும் இருக்கலாம், வரியின் வீச்சாகவும் இருக்கலாம். சரியான ஜோடி 2018 ஜூலையில் 301-ஆம் பிரிவில் டிரம்ப் சீனப் பொருள்கள் மேல் போட்ட 25 சதவீத வரி. அந்த வாரத்தையும் 2024 மே மாதத்தில் அறிவிப்பு வந்த வாரத்தையும் ஒரே பாட்காஸ்டில், ஒரே செய்தித்தாளில், ஒரே சேனலில் எடு.

மதிப்பெண் போடும் முன் பெயர்களுக்குப் பதில் அ, ஆ என்று எழுத்துப் போட்டு மறை, கட்சியையும் ஆண்டையும்கூட மறை. நமக்குப் பிடித்தவர் பெயர் கண்ணில் பட்டால் கழித்தல் சுழியாகிவிடும். முதல் 50 வாக்கியங்களை அப்படி மறைத்து, உன் மதிப்பெண் இல்லாமல் எனக்கு அனுப்பு. நான் தனியாகப் போட்டு அனுப்புகிறேன். நம் இருவர் மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளக்கும் கோஹன் கப்பா 0.6-க்குக் கீழே வந்தால் விதிகளைத் திருத்தி, புதிதாக வேறு 50 எடுத்து மறுபடி பார்ப்போம். அதுவரை மீதியைத் தொடாதே.

அன்புடன்,
அம்மா